செம்புக் கம்பியும் ஒரு பட்டியலும்

2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் இங்கிலாந்தில் வாழும் என் பெரியம்மா மகள் வீட்டில் ஐந்து வாரங்கள் தங்கியிருந்தேன். அக்கா அங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் குடியிருப்பில் அலுவலக மேலாளராக இருக்கிறார். முப்பத்திரண்டு சிறு வீடுகள். ஒவ்வொன்றிலும் தனித்து வாழும் முதியவர் ஒருவர். குளியலறையில் இழுத்தால் உதவி கேட்டு மணியடிக்கும் ஒரு கயிறு. சிலர் கழுத்தில் தாலிக்கொடிபோல் ஒரு பொத்தான் தொங்கும். விழுந்துவிட்டால் அதை அழுத்த வேண்டும். எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் கண்காணிப்பு மையத்தில் ஒருவர் பேசுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் அக்காவின் மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. தொலைபேசி நிறுவனத்திடமிருந்து வந்தது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகள் மூடப்பட இருப்பதாகவும், இனி எல்லா அழைப்புகளும் அகலப்பட்டை இணையத்தின் வழியே செல்லும் என்றும், பெரும்பாலோருக்கு இது மிக எளிய மாற்றமே என்றும், கையில் இருக்கும் தொலைபேசியையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்றும் அதில் கண்டிருந்தது. நல்ல நடையில் எழுதப்பட்ட கடிதம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அது பாதி உண்மை என்பதை அடுத்த சில வாரங்களில் கண்ணாரக் கண்டேன். அந்த மற்றப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை.

தமிழாசிரியனுக்குத் தொலைபேசிக் கம்பியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விவகாரத்தை அருகிருந்து பார்த்தபோது, இது பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய ஒன்றன்று என்று தோன்றியது. சொற்களைப் பற்றியும், பொறுப்பைப் பற்றியும், மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் இதில் பேச நிறைய இருக்கிறது.

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். பிரித்தானியாவின் பொதுத் தொலைபேசி வலையமைப்பை 2025 இறுதிக்குள் மூடிவிடப் போவதாக பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2017இல் அறிவித்தது. சால்ஸ்பரி, மில்டன்ஹால் என்ற இரண்டு ஊர்களில் முதலில் சோதனை நடந்தது. 2023 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் பழைய வகை இணைப்புகளைப் புதிதாக விற்பது நிறுத்தப்பட்டது. 2025 என்ற கெடு, நான் அங்கிருந்த அதே மே மாதத்தில், 2027 ஜனவரி 31 என்று மாற்றி அறிவிக்கப்பட்டது. இது அரசு போட்ட சட்டம் அன்று. தொழில்துறை தானே எடுத்த முடிவு. எஸ்டோனியா, நெதர்லாந்து போன்ற நாடுகள் இப்பாதையில் முன்பே நடந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரித்தானியத் தொலைபேசி இணைப்பகங்கள் டிஜிட்டல் ஆகி வெகு காலமாயிற்று. ஸ்ட்ரௌஜர் என்ற சவப்பெட்டிக் காரியக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த தானியங்கிப் பொறியமைப்பின் கடைசி இணைப்பகம் அங்கே 1995இலேயே மூடப்பட்டது. அதன்பின் மிஞ்சியது, இணைப்பகத்திற்கும் வீட்டிற்கும் இடையிலான அந்தக் கடைசித் துண்டுச் செம்புக் கம்பி மட்டுமே. அதில்தான் நம் குரல் இன்னும் பழைய முறையில் சென்றுகொண்டிருந்தது.

பழைய முறை என்றால் என்ன? ஆங்கிலத்தில் 'அனலாக்' என்கிறார்கள். ஒப்புமை என்பது அச்சொல்லின் அடிப்பொருள். எனக்கு இது மிகவும் பிடித்த சொல். குரல் காற்றில் எப்படி ஏறி இறங்குகிறதோ, அதேபோலக் கம்பியில் மின்னோட்டம் ஏறி இறங்கும். ஆக, கம்பியில் போவது குரலின் உவமை. தொல்காப்பியத்தில் உவமைக்கென ஓர் இயலே உண்டு. நம் மாணவர்களுக்கு உவமானம், உவமேயம் என்று நடத்துகிறோமே, அதையே ஒரு செம்புக் கம்பி நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தது. புதிய முறையில் உவமை இல்லை. குரலை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாக்கி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். மறுமுனையில் பொட்டலங்களைப் பிரித்து மீண்டும் குரலாக்குகிறார்கள். ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தாலும் மனிதக் காது பொருட்படுத்துவதில்லை. விட்ட இடத்தை மனம் நிரப்பிக்கொள்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் மனிதக் காது இருப்பதில்லை. இதுவே சிக்கலின் முதல் முடிச்சு. கழுத்தில் தொங்கும் அந்தப் பொத்தானை அழுத்தினால், வீட்டில் உள்ள ஒரு சிறு பெட்டி தொலைபேசிக் கம்பி வழியே கண்காணிப்பு மையத்தை அழைக்கிறது. அழைத்ததும் மனிதரைப் போலப் பேசுவதில்லை. எண்பொத்தான்களை அழுத்தும்போது எழும் ஒலிகளைப் போன்ற சில ஒலிகளை வரிசையாக எழுப்பித் தான் யார், எந்த வீடு என்று அறிவிக்கிறது. மறுமுனைக் கருவி அவ்வொலிகளைப் புரிந்துகொண்ட பிறகே மனிதர் பேச வழி திறக்கும். செம்புக் கம்பியின் இயல்பை நம்பிச் செய்யப்பட்ட கருவி அது. பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும் வழியில் அவ்வொலி சற்றுச் சிதைந்தாலோ, கால் நொடி தாமதித்தாலோ, மறுமுனைக் கருவிக்கு அது புரியாமல் போகலாம். தரையில் கிடக்கும் மூதாட்டி பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். மறுமுனையில் யாரும் வரமாட்டார்கள்.

பிரித்தானியாவில் இவ்வகைப் பொத்தானை நம்பி வாழ்வோர் ஏறத்தாழ 18 லட்சம் பேர் என்பது அந்நாட்டு அரசு பயன்படுத்திய கணக்கு. இது கற்பனையான அச்சம் அன்று. இணைப்பு மாற்றப்பட்ட வீடுகளில் உதவிக் கருவி செயலிழந்த கடுமையான நிகழ்வுகள் 2023இல் நடந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அரசு தொலைபேசி நிறுவனங்களை அழைத்துப் பேசி, ஒரு சாசனத்தில் கையெழுத்திட வைத்தது. பொத்தானை நம்பி வாழ்பவரை, அவருடைய கருவி புதிய இணைப்பில் இயங்குகிறது என்பதை உறுதி செய்யாமல், அவர் கேட்காதபோது மாற்றுவதில்லை என்பது அதன் சாரம். நல்லதுதான். ஆனால் அடி விழுந்த பின் எழுதப்பட்ட சாசனம் அது என்பதையும் மறந்துவிடலாகாது.

இரண்டாவது முடிச்சு மின்சாரம். பழைய செம்புக் கம்பி குரலை மட்டும் சுமக்கவில்லை. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதுவே சுமந்து வந்தது. இணைப்பகத்தில் வரிசை வரிசையாக பேட்டரிகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் டீசல் மின்னாக்கி இருக்கும். அங்கிருந்து ஏறத்தாழ 50 வோல்ட் மின்னழுத்தம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் தெருவே இருண்டு கிடக்கும்போதும் பழைய தொலைபேசியை எடுத்தால் அந்த 'ங்' என்ற ஒலி கேட்டது. நாம் அதைக் கவனித்ததே இல்லை. ஒழுங்காக நடப்பதை யார் கவனிக்கிறார்கள்?

ஒளியிழை மின்சாரத்தைச் சுமக்காது. கண்ணாடி நூல் அது. வீட்டில் இருக்கும் ரூட்டருக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் ரூட்டர் போகும். ரூட்டர் போனால் தொலைபேசி போகும். தொலைபேசி போனால் அவசர உதவி எண்ணான 999உம் போகும். இதற்கு மாற்றாக, கம்பித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்கு மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி செய்துதர வேண்டும் என்று ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் வழிகாட்டியது. ஒரு மணி நேரம். 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் என்ற புயல் அடித்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகளில் மின்சாரம் போயிற்று. சில ஆயிரம் வீடுகளுக்கு அது திரும்பி வர ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று. கைபேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை அந்த வாரத்தில் பலர் கற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டிஷ் டெலிகாம் தன் மாற்றப் பணியைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

சரி, அக்காவின் அலுவலகத்திற்கு வருவோம்.

அக்காவின் மேலதிகாரிகள் அவரிடம் கேட்டது மிக எளிய ஒன்று: "நம்மிடம் எத்தனை தொலைபேசி இணைப்புகள் உள்ளன?" அக்கா உடனே ஆறு என்றார். பின்னர் கட்டணச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். பதினொன்று இருந்தன. மீதி ஐந்து எண்களும் எங்கே போகின்றன என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகளாக அவற்றுக்கு மாதந்தோறும் பணம் கட்டி வந்திருக்கிறார்கள்.

விடுமுறையில் வந்த எனக்கு வேறு வேலை இல்லாததால், இரண்டு சனிக்கிழமைகள் அக்காவுடன் அந்தக் கட்டடத்தைச் சுற்றினேன். ஒரு சாதாரணத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் ஒவ்வொரு சுவர்த் துளையிலும் செருகி, என் கைபேசிக்கு அழைத்து, எந்த எண் என்று குறித்துக்கொள்வது வேலை. ஓர் எண் தீயறிவிப்புக் கருவியின் பின்னால் இருந்தது. ஒன்று வாசற்கதவைத் திறக்கும் பேசுகருவிக்குப் போயிற்று. ஒன்று, யாரும் பயன்படுத்தாத தொலைநகல் இயந்திரம். நான்காவது எண், வெந்நீர்க் கொதிகலன் பழுதானால் பராமரிப்பாளருக்குத் தகவல் சொல்லும் ஒரு சிறு பெட்டி. அது பத்தாண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப்போன ஒருவரின் எண்ணுக்கு அழைக்கும்படி அமைந்திருந்தது.

ஐந்தாவதைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபட்டோம். கடைசியில் மின்தூக்கியின் பொறியறைக்குள் போன ஒரு சாம்பல் நிறக் கம்பியைப் பின்தொடர்ந்து போனபோது தெரிந்தது. மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டவர் வெளியாரிடம் பேசுவதற்கான அவசரப் பொத்தானின் இணைப்பு அது. அக்கா உள்ளே போய் அழுத்திப் பார்த்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் வேறு நிறுவனத்திற்கு மாறியபோது எண்ணை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

அக்கா வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். "தம்பி, இந்த லிஃப்ட்ல தினமும் எத்தனை கிழவிங்க ஏறி இறங்குறாங்க தெரியுமா? இத்தனை வருஷமா ஒருத்தர்கூட மாட்டிக்கல. அது எங்க சாமர்த்தியம் இல்ல, அதிர்ஷ்டம்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மின்தூக்கியின் குறை புதிய தொழில்நுட்பத்தால் வந்ததன்று. பழைய செம்புக் கம்பி நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில்தான் ஆள் இல்லை. மாற்றம் வந்ததால்தான் அது வெளிப்பட்டது. ஆகவே பழையது பொன், புதியது பித்தளை என்று பாடுவோர் கூட்டத்தில் நான் சேரவில்லை. அந்தப் பழைய வலையமைப்பின் உதிரி பாகங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள் ஓய்வு பெற்றுச் செல்கிறார்கள். பழுதுகள் பெருகுகின்றன. பழுதான பழைய கம்பியும் விழுந்து கிடப்பவருக்கு உதவாது. எனவே மாறித்தான் ஆக வேண்டும். என் வாதம் மாறுவதைப் பற்றியதன்று, மாறும் முறையைப் பற்றியது.

நிறுவனங்கள் இம்மாற்றத்திற்கு எப்படி ஆயத்தமாக வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது கருவி வாங்குவதைப் பற்றி. விற்பனையாளர்களும் அதையே சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் அக்காவின் அனுபவம் எனக்குக் காட்டியது வேறு. முதல் வேலை பட்டியல். நம்மிடம் எத்தனை கம்பிகள் உள்ளன, ஒவ்வொன்றின் முனையிலும் என்ன தொங்குகிறது, அது யாரை அழைக்கிறது, அழைத்தால் யார் எடுக்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையுள்ள ஒரு பட்டியல். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டா. ஒரு பழைய தொலைபேசியும், ஒரு பேனாவும், இரண்டு சனிக்கிழமைகளும் போதும். தீயறிவிப்பு, திருட்டு அறிவிப்பு, மின்தூக்கி, வாசற்கதவு, கடன் அட்டை இயந்திரம், தொலைநகல் என்று பலவும் அந்தக் கம்பிகளின் முனைகளில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2018இலும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் தொலைநகல் இயந்திரங்கள் இருந்தன என்று அறுவை மருத்துவர் அவை எடுத்த கணக்கு ஒன்று சொன்னபோது அந்நாட்டவரே வியந்தனர்.

இரண்டாவது வேலை, கேட்பது. அக்கா முப்பத்திரண்டு வீடுகளிலும் ஏறி இறங்கி, மாற்றம் வருகிறது என்று சொன்னார். எண்பத்தெட்டு வயதான ஒரு மூதாட்டி தேநீர் கொடுத்துவிட்டு, "மின்சாரம் போனால் இது வேலை செய்யுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அதற்கு முந்தைய வாரம் நடந்த கூட்டத்தில் நிறுவனத்தின் ஆலோசகர் நாற்பது படங்கள் போட்டு விளக்கியிருக்கிறார். அந்தக் கேள்வி அதில் ஒரு படத்திலும் இல்லை. பயன்படுத்துபவருக்குத்தான் பயன்பாடு தெரியும். அவரிடம் தகவல் சொல்வதும் அவரிடம் கேட்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, மின்வெட்டுக்கு வழி. ரூட்டருக்கும் உதவிக் கருவிக்கும் பேட்டரி வைத்தாக வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை ஒழுங்குமுறை அமைப்பின் குறைந்தபட்ச அளவைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த ஊரில் சென்ற பத்தாண்டுகளில் மின்சாரம் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குறைந்தபட்சம் என்பது விதியை மீறாதிருக்க உதவும். அதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கைபேசி சிம் அட்டை பொருத்திய கருவிகளுக்கு மாறுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டின் கைபேசி நிறுவனங்கள் இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளை 2033க்குள் முடித்துக்கொள்வதாக 2021இல் ஒப்புக்கொண்டன. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய தலைமுறைக் கருவியை வாங்கினால், சில ஆண்டுகளில் இதே கூத்தை மீண்டும் ஆட வேண்டியிருக்கும்.

நான்காவது, சோதனை. கருவியின் அட்டைப்பெட்டியில் 'டிஜிட்டலுக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருப்பது சோதனை ஆகாது. புதிய இணைப்பில் கருவியை மாட்டி, பொத்தானை அழுத்தி, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் வருகிறதா என்று காதால் கேட்க வேண்டும். ஒரு முறை போதாது, பல முறை கேட்க வேண்டும். பிறகு ரூட்டரின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு மீண்டும் கேட்க வேண்டும்.

ஐந்தாவதாக நான் சொல்லப்போவதே என் கருத்தில் மிக முக்கியமானது. இந்தப் பணிக்கு ஒருவர் பெயர் வேண்டும். தொலைபேசி நிறுவனத்திற்கு யார் வீட்டில் உதவிக் கருவி இருக்கிறது என்று தெரியாது. உதவிக் கருவி வழங்கும் ஊராட்சி மன்றத்திற்கும் அறக்கட்டளைக்கும் எந்த வீட்டுக் கம்பி எந்த நாளில் மாறும் என்று தெரியாது. இருவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்தாலும் நடுவில் ஒரு மூதாட்டி விழுந்துவிடுவார். பிரித்தானியாவில் இந்த இடைவெளியை நிரப்பவே நிறுவனங்களுக்கிடையே தகவல் பகிர்வு ஒப்பந்தங்கள் போட வேண்டியதாயிற்று. தனிமனித அந்தரங்கத்தைக் காரணம் காட்டி அதற்கும் தயங்கியவர்கள் உண்டு. அந்தரங்கம் பெரிதுதான். ஆனால் "உங்கள் பெயரைத் தொலைபேசி நிறுவனத்திற்குச் சொல்லலாமா?" என்று அந்த மூதாட்டியிடமே கேட்டிருந்தால், தேநீர் ஆறுவதற்குள் விடை கிடைத்திருக்கும்.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படும் என்பதை அறிவேன். பல லட்சம் இணைப்புகளை மாற்றும் பெரும்பணியில் ஒவ்வொரு வீட்டையும் தட்டிக்கொண்டிருக்க முடியுமா, சிறுபான்மையினரின் சிக்கலுக்காகப் பெரும்பான்மையினரைக் காத்திருக்கச் செய்யலாமா என்பார்கள். பெரும்பான்மையினர் காத்திருக்கத் தேவையில்லை. கைபேசி உள்ளவனுக்கு நாளையே மாற்றுங்கள். ஆனால் அவசர உதவி என்ற ஏற்பாடே சிறுபான்மையினருக்கானது. எந்த ஒரு நாளிலும் ஊரில் வெகு சிலர் வீட்டில்தான் தீப்பிடிக்கிறது. அந்தச் சிலருக்காகத்தான் 999 என்ற எண்ணே பிறந்தது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்ற அக்கம்பக்கத்தவர் இணைப்பகத்தின் வரிசையில் காத்திருக்க நேர்ந்தது. அதைப் பற்றிய விசாரணையின் விளைவாக 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 தொடங்கியது. ஐந்து உயிர்களுக்குப் பிறகு கற்ற பாடம். அந்தப் பாடத்தை அடுத்த மாற்றத்தின்போது உயிர்ச்சேதத்திற்கு முன்பே நினைவுகூர்வதுதானே கற்றதற்கு அழகு?

மீண்டும் அந்தக் கடிதத்திற்கு வருகிறேன். 'பெரும்பாலோருக்கு இது எளிய மாற்றம்' என்ற தொடரை வகுப்பறையில் எழுதிப்போட்டுப் பொருள் கேட்டால், நல்ல மாணவன் ஒருவன் "அப்படியானால் சிலருக்கு எளிதன்று" என்பான். அந்தச் சிலர் யார், அவர்களுக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அது இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், 'உங்கள் வீட்டில் உதவிக் கருவி இருப்பின் அதை வழங்கியவரைத் தொடர்புகொள்ளவும்' என்று இருந்தது. கண்பார்வை குன்றியவருக்குச் சிறிய எழுத்தில் பொறுப்பைக் கைமாற்றும் கலையை நிறுவனங்கள் எங்குதான் கற்கின்றனவோ தெரியவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 பிப்ரவரியில் அக்காவின் குடியிருப்பில் இணைப்புகள் மாற்றப்பட்டன. அன்றிரவு அக்கா கைபேசியில் பேசினார். கயிற்றை இழுத்தும் பொத்தானை அழுத்தியும் பார்த்திருக்கிறார்கள். முதல் முறை மையம் எடுத்தது. இரண்டாம் முறையும் எடுத்தது. மூன்றாம் முறை அமைதி. நான்காம் முறை மீண்டும் எடுத்தது. வந்திருந்த பணியாளர் "நான்கில் மூன்று சரியாக வந்ததே, மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று கருவிப்பெட்டியை மூடப் போயிருக்கிறார். அக்கா விடவில்லை. பழைய இணைப்பை அன்று துண்டிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பதினெட்டு நாள் கழித்து எண்முறைக்கென்றே செய்யப்பட்ட புதிய கருவி வந்தது. இருபது முறை அழுத்திப் பார்த்தார்கள். இருபது முறையும் குரல் வந்தது. அதன் பிறகே செம்புக் கம்பிக்கு விடை கொடுத்தார்கள்.

"கடைசியா அழுத்தினது யார் தெரியுமா?" என்றார் அக்கா. அந்த எண்பத்தெட்டு வயது மூதாட்டிதானாம். இப்போது அவருக்கு எண்பத்தொன்பது. ரூட்டரின் செருகியைத் தாமே பிடுங்கிவிட்டு, பொத்தானை அழுத்தி, மறுமுனையில் பேசிய பெண்ணிடம், "ஒன்றுமில்லை அம்மா, நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்று பார்த்தேன்" என்றாராம்.

அந்தப் பதினொரு எண்களின் பட்டியலை அக்கா தட்டச்சு செய்து, அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அழைத்தால் யார் எடுப்பார் என்று ஒரு பெயர் இருக்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கிறார்கள். மின்தூக்கியிலிருந்தும்தான்.